தகப்பன் கையெழுத்து

பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு அந்த வீட்டில் தொடங்கியது, ஏசி மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரமில்லாத ஒரு மாதத்தில். காலை ஏழு மணிக்குக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்க வேண்டும். வெயிலில் பழுத்துக் கிடக்கிற இரும்புக் கூண்டைத் திறந்து, தூசி அடைத்த கம்பிகளைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, கேஸ் அளவு பார்த்து மூடுவதற்குள் முழங்கை இரண்டு இடத்தில் சுட்டிருக்கும். ஊரையெல்லாம் குளிரவைத்துவிட்டு அவன் வந்து உட்கார்வது ஒரு மின்விசிறிக்குக் கீழேதான். அந்த மின்விசிறியும் மூன்றாம் எண்ணுக்கு மேல் ஓடாது. சரி செய்கிறேன் என்று அவன் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

எட்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டபோது முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத்துக்கே மூன்று நாள்தானே எடுத்தாய் என்றார். அதனால்தான் இப்போது கேட்கிறேன் என்றான் மெக்கானிக். முதலாளி லீவு நோட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பேருக்குமே அது இரண்டாவது. அவனுடைய முதல் மனைவி ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு மூன்று வயது. இவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண்ணாடி வில்லையை ஃபிரேமின் வடிவத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். தேய்க்கிற கல்லிலிருந்து வெள்ளையாக வழிகிற தண்ணீரில் நாள் முழுக்க விரல்கள் ஊறிக் கிடக்கும். முதல் கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து, பெண் குழந்தையோடு தனியாக இருந்தாள். கடையில் ஏசித் தண்ணீர் அவளுடைய மெஷின் மேல் சொட்டுகிறது என்று புகார் போக, மெக்கானிக் வந்தான். முதல் நாளே சொட்டு நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். கடையில் எல்லாருக்கும் விஷயம் புரிந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அதுவரை இரண்டும் ஒற்றைப் பிள்ளைகள். ஒரே வீட்டில் சேர்ந்ததும் அவளுடைய பதினொரு வயதுப் பெண்ணுக்குப் பெரியவள் என்றும், அவனுடைய ஏழு வயதுப் பையனுக்குச் சின்னவன் என்றும் பெயர் விழுந்தது. சின்னவன் மூன்றாம் நாளே அவளை அம்மா என்று கூப்பிட்டுவிட்டான். பெரியவள் மெக்கானிக்கை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். எதிரில் வந்து நின்று, "சாவி ஜன்னல்ல இருக்கு" என்பாள், "தண்ணி வேணுமா" என்பாள். கூப்பிட வேண்டிய தேவையே வராதபடி பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் நாலு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை என்று அவனுடைய மனைவி ஒருநாள் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கேயாவது போய் எடுப்போம் என்றான் அவன். எங்கே என்றால், இளவயதில் இரண்டு வருடம் அவன் வேலை பார்த்த கடல் கடந்த ஊர். உயரமான கட்டடங்களும் நடுவில் ஒரு ஆறும் தினம் ஒரு மழையுமாக இருக்கிற பெரிய நகரம். அங்கே குளிர்சாதனக் குழாய் போட்டுப் போட்டு ஒவ்வொரு தெருவும் பழக்கம். ஆனால் ஒரு நாள்கூட எதையும் சுற்றிப் பார்த்தது கிடையாது.

தினம் சாயங்காலம் சோறு வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அந்த ஊரில் மழை மூன்று மணிக்கு டியூட்டிக்கு வந்துவிடும், நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும், அதற்குத் தகுந்த மாதிரி திட்டம் வேண்டும் என்றான். வெயில் ஏறுமுன் மிருகக்காட்சிசாலை. பத்தரைக்குப் பறவைகள் பூங்கா. மழை நேரத்தில் கண்ணாடிக்குள் மீன்கள். மழை விட்டதும் ஆற்றில் படகு. அப்புறம் கோபுரத்தின் உச்சி. முதல் நாளுக்கே இத்தனையும் எழுதியிருந்ததை மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, பென்சிலால் பாதியை அடித்தாள்.

"காலைல ஒண்ணு, மழை விட்டதும் ஒண்ணு. அது போதும். பிள்ளைங்களோட போறோம், சர்வீஸ் கால் அட்டெண்ட் பண்ணப் போகல" என்றாள்.

நடுவில் குளிக்க, தூங்க, மாற்றுத் துணி போட, ஒன்றுமே செய்யாமல் கிடக்க நேரம் வேண்டும் என்று சொல்லி, அதையும் தாளில் எழுதினாள். சின்னவனுக்கு பஸ்ஸில் ஏறினால் குமட்டும், ஆகையால் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை. நாலு பேருக்கும் ஒரே அறை. கீழே சின்னதாக ஒரு நீச்சல் குளம். இரண்டு குடை, நாலு தொப்பி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், போகிற இடமெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்ற விவரம். அந்த ஊர் ரயிலை யாரும் ஓட்டுவதில்லை, தானாகவே ஓடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து சின்னவனுக்கு ஒரே கவலை. தண்டவாளத்தில் மாடு வந்து நின்றால் யார் பிரேக் பிடிப்பார்கள் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவளிடம் உனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், எதுவானாலும் சரி என்பாள். பயணத் தேதியைச் சொன்ன அன்று காலண்டர் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு நாள் கழித்துத் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நான் வரலம்மா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் கீழ்வீட்டு டீச்சர்கிட்ட இருந்துக்கறேன்."

ஏன் என்று எப்படிக் கேட்டும் பதில் வரவில்லை. விமானம் ஏறப் பயமா என்றால் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்றால் இல்லை. வரல, அவ்வளவுதான். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். பெரியவள் பிடி கொடுக்கவில்லை. கீழ்வீட்டு டீச்சரிடம் போய் அவளே அனுமதியும் வாங்கி வந்துவிட்டாள்.  தன்னோடு ஒரே அறையில் இருக்க அந்தப் பெண்ணுக்கு மனமில்லை போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்தான். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து நடந்தும் இவ்வளவுதானா என்று இருந்தது. மறுநாள் மொட்டைமாடியில் ஒரு திருகாணி கை நழுவிக் கீழே விழுந்ததற்கு, யாரும் இல்லாத இடத்தில் தன்னையே திட்டிக்கொண்டான்.

இது போதாதென்று, டிக்கெட் போட்டுக் கொடுத்த கடையிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தையைப் பெற்ற அப்பா பயணத்தில் இல்லாததால், நாட்டை விட்டு வெளியே கூட்டிப்போக அவருடைய சம்மதக் கடிதம் வேண்டுமாம், நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்தோடு. அவன் மனைவி பீரோவிலிருந்து பழைய கோர்ட்டு காகிதத்தை எடுத்தாள். பெண் அம்மாவிடம் இருக்கலாம், மாதத்தின் முதல் ஞாயிறு அப்பா வந்து பார்க்கலாம் என்ற பக்கம் வரைதான் அவள் படித்திருந்தாள். வெளிநாடு என்றால் இருவர் சம்மதமும் வேண்டும் என்பது அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. கிளம்ப ஒன்பது நாள்தான் பாக்கி. அந்த மனுஷரோ வந்து பார்ப்பதையே நிறுத்திப் பதினாலு மாதம் ஆகிறது. 

"அவளுக்கு வர இஷ்டமில்ல. அவரு போடுவாரான்னும் தெரியல. பேசாம எல்லாத்தையும் ரத்து பண்ணிடலாங்க" என்றாள்.

"இஷ்டமில்லாம வராம இருக்கறது வேற. நாம கையெழுத்து வாங்காததால வரமுடியாமப் போறது வேற. ரெண்டாவது பழி நமக்கு வேண்டாம். நான் போய்க் கேக்கறேன்."

நீங்கள் போனால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டாள். அதைப் போனால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவளுடைய முதல் கணவர் பேக்கரி மாஸ்டர். ஊரின் மறுகோடியில், பாலம் தாண்டி, கடைத்தெருவின் பின் சந்தில் அடுப்பறை. மத்தியான வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு வெளியே இருந்ததுதான் நிழல் என்று தோன்றியது. ஒரு பக்கம் மாவு பிசைகிற மெஷின் உருண்டுகொண்டிருந்தது. மறுபக்கம் தட்டுத் தட்டாக ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பனியனும் கைலியுமாக, நீண்ட மரத்துடுப்பால் அடுப்புக்குள்ளிருந்து தகர அச்சுகளை இழுத்து, ஒவ்வொன்றையும் மேசை மேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். ரொட்டி ஆவியோடு நழுவி வெளியே விழுந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். புருவமெல்லாம் மாவு.

முன்பு ஞாயிறுகளில் மாஸ்டர் தெருவிலேயே நின்று பெண்ணைக் கூட்டிப்போய்விடுவார், இருவரும் ஒரே ஒரு தடவைதான் வாசலில் பார்த்துக்கொண்டவர்கள். மாஸ்டர் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் வந்த காரணத்தைத்தான் வேறாக எடுத்துக்கொண்டார்.

"முதலாளி அனுப்பினாரா? நாலு நாளா மாவு வைக்கற ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கு. பாருங்க" என்றார்.

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. இதைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் பேச்சைத் தொடங்க வசதியாக இருக்கும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மண்டியிட்டு, கால் மணி நேரம் பார்த்தான். கம்ப்ரஸரே போய்விட்டிருந்தது. அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இதில் செய்ய ஒன்றுமில்லை, புதுசுதான் வாங்க வேண்டும் என்றான். முன்னால் வந்தவனும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனான் என்றார் மாஸ்டர். அப்புறம் வேறு வழியில்லாமல் மெக்கானிக் தான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

 இந்த ஈடு இறக்கிவிட்டு வருகிறேன் என்று மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஈடு இரண்டானது, இரண்டு மூன்றானது. மெக்கானிக் மாவு மூட்டை மேல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வேண்டுமென்றேதான் காக்க வைக்கிறார் என்று நினைத்தான். கடைசித் தட்டு இறங்கியதும் மாஸ்டர் இரண்டு கிளாஸ் டீயும், அச்சில் ஒட்டிப் பிய்ந்துபோன பன் துண்டுகளும் எடுத்துக்கொண்டு, வா என்று தலையசைத்தார். பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள். பன் சூடாக, ஓரம் கருகி, நன்றாக இருந்தது.

மெக்கானிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை மாஸ்டர் உதடு அசையப் படித்தார்.

"திரும்பி வந்துருவீங்கல்ல?"

மெக்கானிக் திரும்பும் டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். அவர் தேதிகளை விரல் விட்டு எண்ணினார்.

"இதுல மொத ஞாயிறு வருதே" என்றார். சொன்ன பிறகு, அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மெக்கானிக் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடையில் கூட்டம் அதிகம், மனைவி ஒன்பது மணிக்கே போய்விடுவாள். அவன் மட்டும்தான் வீட்டில் இருப்பான். சில ஞாயிறுகளில் பெரியவள் சீக்கிரமே குளித்து, நல்ல சட்டை போட்டு, பால்கனியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டாள். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு வந்து சாப்பிடுவாள். படிக்கிற பிள்ளை, காற்றுக்கு உட்காருகிறது என்று நினைத்திருந்தான். எந்தெந்த ஞாயிறு என்று அவன் கவனித்ததே இல்லை.

"அவ வரமாட்டேன்னு நிக்கறா" என்றான். "காரணம் சொல்லல. எங்களப் பிடிக்கலபோலன்னு நெனச்சோம். இப்பதான் எனக்குப் புரியுது. நீங்க வர்றப்ப வீடு பூட்டியிருக்கக் கூடாது, அதான்."

"நான்தான் வர்றதில்லையே."

"அவ உக்காந்துதான் இருக்கா. மாசா மாசம். பால்கனில."

 மாஸ்டர் தோளைத் தூக்கிப் பனியனில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டார்களாம். இரண்டு மாதம் போக முடியவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப் போட்டாராம். ஒரு புதன்கிழமை சாயங்காலம் தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறார். மேலே நாலு பேரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தானே இருக்கிறாள், நாம் ஏன் நடுவில் போய் நிற்க வேண்டும் என்று திரும்பிவிட்டாராம்.

"எங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சீங்களா?" என்று கேட்டான் மெக்கானிக். கோபம் இல்லாமல்தான் கேட்டான்.

"கையெழுத்துப் போடறேன். திரும்பி வந்தப்பறம் நான் பாக்க வர்றேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"நான் சொல்ல மாட்டேங்க. நீங்களே சொல்லுங்க. சொன்னா வரணும். வரலேன்னா அதுக்கப்பறம் அவ மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

"ஞாயிறு எனக்கு லீவு கெடையாது. புதன்தான்."

"அப்ப புதன் வாங்க."

"கோர்ட்டுல ஞாயிறுன்னு..."

"கோர்ட்டா வந்து கதவத் தொறக்குது? நாங்கதான தொறக்கறோம்."

மாஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பதினாலு மாதமாக இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுபோல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மெக்கானிக் எழுந்து போகும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார். சின்ன வயதில் பெரியவள் காதில் சீழ் வைத்து நாலு மாதம் படாத பாடு பட்டிருக்கிறாள். உயரம் ஏறினால் காது வலிக்கும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில் போட்டு மெல்ல ஏதாவது கொடுக்க வேண்டும். மெக்கானிக் சட்டைப்பையிலிருந்த சர்வீஸ் பில்லின் பின்னால் அதை எழுதிக்கொண்டான்.

கண்ணாடிக் கடைக்கு நேராகப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன்" என்று ஆரம்பித்தவள், மேலே சொல்லாமல் ஈரக்கையால் கண்ணை அழுத்திக்கொண்டாள். வீட்டில் பெரியவளிடம் அவள் சொன்னதெல்லாம், புதன்கிழமை உன் அப்பா கையெழுத்துப் போட வருகிறார், நீயும் வா என்பது மட்டும்தான். அதற்கு மட்டுமா வருகிறார் என்று கேட்டாள் பெரியவள். அவரிடமே கேட்டுக்கொள் என்றாள் அம்மா.

நோட்டரியின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரு பெஞ்சும் ஒரு மேசையுமாக இருந்தது. மாஸ்டர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து, தேய்த்த சட்டையில், முட்டி மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெரியவள் படியேறி வந்து வாசலில் நின்றாள். அவர் எழுந்துவிட்டார். 

"இளைச்சிட்டப்பா" என்றாள் அவள்.

"நீ வளந்துட்ட."

நோட்டரி கேள்விகளைக் கேட்டார், அடையாள அட்டைகளைப் பார்த்தார், எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். மாஸ்டர் ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தியதில் மேசை அதிர்ந்தது. மெக்கானிக்கும் மனைவியும் நகல் எடுக்க என்று சொல்லிக் கீழே இறங்கப் பார்த்தார்கள். பெரியவள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். ஆகவே எல்லார் முன்னாலும்தான் மாஸ்டர் பேச வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம எனக்கு வேலை போட்டுட்டாங்க. அத வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அப்பா பண்ணது தப்புதான்."

"நான் சொன்னதுனால இல்லையா?"

"நீ என்ன சொன்ன?"

"கடைசியா வந்தப்ப. உன் சட்டைல ஈஸ்ட் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேன்ல."

மாஸ்டருக்கு அது நினைவிலேயே இல்லை. யோசித்துப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "அது இன்னைக்கும்தான் அடிக்குது" என்றார். பெரியவள் கிட்டே போய், அவருடைய தேய்த்த சட்டையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள். "ஆமா, அடிக்குது" என்றாள். அப்படியே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நோட்டரி அடுத்த ஆளைக் கூப்பிடாமல் பேனாவுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இனிமேல் புதன்கிழமை, நாலு மணிக்கு என்றார் மாஸ்டர். விடுமுறை முடிந்தால் ஸ்கூல் பஸ் நாலரைக்குத்தான் வரும் என்றாள் அவள். அப்படியானால் ஐந்து. ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாளே ஒரு புதன் வருகிறது என்று அவளே கணக்குப் பார்த்துச் சொன்னாள். வராவிட்டால் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி, அம்மாவின் நம்பரை அவர் போனில் தானே பதிந்து கொடுத்தாள்.

அம்மா கடைக்குப் போக வேண்டியிருந்ததால், திரும்பும்போது பெரியவள் மெக்கானிக்கோடு ஸ்கூட்டரில் வந்தாள். பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. பாதிப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்த நீச்சல் குளம் எத்தன அடி ஆழம்?"

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.  "நாலடி" என்றான். "ஒரு ஓரத்துல அஞ்சு." எனக்கு நீச்சல் தெரியாதே என்றாள். எனக்கும் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும், கற்றுக்கொள்வோம் என்றான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் ஒருவழியாக மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி பயணத்துக்குச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. திடீரென்று சத்தம் கேட்டது.

"ஏழு லாரி பொம்ம எதுக்குடா? என் துணிய எங்க வைக்கறது? எடு வெளிய."

"இது என் பெட்டி. எங்கப்பா வாங்கினது."

"எங்கம்மாதான் வாங்கினாங்க. ரெண்டு லாரி வெச்சுக்கோ. மிச்சம் எடு. எடுக்கல, ஜன்னல் வழியா வீசிடுவேன்."

"நீ வரலேன்னுதான சொன்ன? வராத, போ."

"நான் வருவேன். நீதான் வாந்தி எடுப்ப."

ஏதோ பிளாஸ்டிக் தரையில் விழுந்து உருண்டது. சின்னவன் அழத் தொடங்கினான். பெரியவள் அதைவிட உரக்க ஏதோ சொன்னாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் அவனிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியவள் இல்லை. அவன் எதைக் கேட்டாலும் விருந்தாளி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

மனைவி மாவுக்கையோடு எழுந்தாள். மெக்கானிக் திருப்புளியை வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

"விடு, சண்டை போடட்டும்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அடுத்த உருண்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். உள்ளே மூன்று லாரி என்று பேச்சு படிந்துகொண்டிருந்தது.